எந்த அம்மாவும் கூப்பிடாத கல்லூரி

அவருக்கு லைன் மாமா என்று பெயர் வந்ததற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். ஒரு பெரிய கல்லூரியின் டெலிபோன் அறையில் உட்கார்ந்து, கூப்பிட்டவர்களை எல்லாம் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனுஷன். பழக்கம் நாக்கில் ஊறிப்போய், வீட்டுக் கதவை யாராவது தட்டினால்கூட உள்ளேயிருந்து "லைன்ல இருங்க, வரேன்" என்பார். கூடப்பிறந்த தங்கச்சிக்கு மூத்தது பெண்ணாகப் பிறந்த அன்று நர்ஸ் வெளியே வந்து, "குழந்தைக்கு மாமா யாரு, வந்து பாருங்க" என்றபோதும் அதையே சொன்னாராம். இதை அவருடைய மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மாமாவைத் தெரிந்த ஒருத்தர்கூட அதைச் சந்தேகப்படவில்லை.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். மிளகாயைக் கடித்தவன் மாதிரி எரிந்து விழுந்துகொண்டு கூப்பிடுகிறவனும் மாமா ரெண்டு வார்த்தை பேசினால் வெல்லத்தைக் கடித்தவன் மாதிரி ஆகிவிடுவான். விடுதியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுகிற அம்மா, பரீட்சையில் ஏன் என்னை ஃபெயில் போட்டீர்கள் என்று சண்டைக்கு வருகிற பையன், பால் பாக்கி கேட்கிற பால்காரர், தப்பான நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டு இவரையே திட்டுகிறவர் எல்லாரும் அந்தக் காதுக்குள் வந்து போனவர்கள். ஒருநாள் அந்த அறையில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு ரெண்டை அழுத்து என்று அது பேச ஆரம்பித்தது. மாமாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இருந்த மாமாவை வைத்துக்கொண்டு அத்தை பட்ட பாடு கொஞ்சமில்லை. அத்தை என்றால் மாமாவின் வீட்டுக்காரி. நாக்கு கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஒருத்தரும் கூப்பிடாத போனுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "அது முட்டை போடாதுங்க, எழுந்து வாங்க" என்பாள்.

அப்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முடி வெட்டுகிறவர் ஒருநாள் கத்தரியை நிறுத்திவிட்டு, "உங்க குரலுக்குன்னே ஒரு வேலை இருக்கு" என்றார். மெத்தைக் கடை மாடியில் ஒரு ஆபீஸ். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு வருகிற போனை இங்கே எடுத்துப் பேச வயசான, நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். மாமா அன்றைக்கே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

ஆபீஸ் முதலாளி சின்ன வயசு. வாய் திறப்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். அதனால் மாமா வீட்டில் அவனுக்கு சென்ட் தம்பி என்று பெயர் விழுந்தது. மாமாவை அவன் சார் என்றான். ஒரு ஆயுசு முழுக்க மற்றவர்களைச் சார் என்றே கூப்பிட்டவருக்கு அந்த ஒரு சொல் போதாதா. நீள மேசையில் போன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு கல்லூரிப் பெயர் ஒட்டியிருந்தது. கடைசி போனில் மட்டும் உலகத் தர நிர்ணயக் குழு என்று இருந்தது. அது சென்ட் தம்பிக்கு மட்டுமான போன், யாரும் தொடக்கூடாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிரிண்டரும், வெளிநாட்டுப் பட்ட மதிப்பீட்டு மையம் என்று ஒரு போர்டும். வெளிநாட்டில் படித்த படிப்பு இங்கே எந்தப் படிப்புக்குச் சமம் என்று சான்று கொடுக்கிற இடம் அது.

மாமாவின் வேலை சுலபம். ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, இன்னார் உங்களிடம் படித்தாரா என்று கேட்பார்கள். கம்ப்யூட்டரில் பெயர் இருக்கும். ஆமாம், எங்கள் மாணவர்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும்.

வேறு யாராவது என்றால் முதல் நாளே கேட்டிருப்பான், கல்லூரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க அதன் போன் மெத்தைக் கடை மாடியில் ஏன் அடிக்கிறது என்று. மாமா கேட்கவில்லை. லைன் என்பது வாய்க்கால் தண்ணீர் மாதிரி, எங்கே வெட்டிவிட்டாலும் அங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை வருஷம் அவரே வெட்டி விட்டிருக்கிறார். தெரியாதவனுக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகத்தை, தெரிந்தவருக்கு அந்தத் தெரிந்ததே வரவிடாமல் செய்துவிட்டது.

மாமா அந்தக் கல்லூரிகள் மேல் பாசம் வைத்துவிட்டார். ஆமாம் என்று மட்டும் சொல்லச் சொன்னால் அவருக்கு வாய் நிற்குமா. "நல்ல பிள்ளை, பணிவான பிள்ளை" என்று சேர்த்துக்கொள்வார். நூலகம் பெரிதா என்று ஒருத்தர் கேட்டதற்கு, "உள்ள போனா வெளிய வர மனசு வராது" என்றார். வீட்டுக்கு வந்தால் வாய்க்கு வாய் எங்க காலேஜ், எங்க காலேஜ். அத்தையும் எந்தக் காலேஜ் என்று கேட்பதை விட்டுவிட்டாள். மனுஷன் முக்காலியை விட்டு எழுந்தாரே, அது போதும் அவளுக்கு.

இந்த நேரத்தில்தான் பாப்பா வந்தாள். நர்ஸ் கூப்பிட்டுக் காட்டிய அதே தங்கச்சி மகள். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருந்தாலும் குடும்பத்துக்கு அவள் பாப்பாதான். அவளுடைய அப்பா வெளிநாட்டில் வேலையாக இருந்த காலத்தில் அங்கேயே ரத்தம் சோதிக்கிற படிப்பு படித்து முடித்தவள். எல்லாரும் திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் தற்காலிகமாக இருந்தாள். ரத்தம் எடுக்க அவள் கையால் ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று நோயாளிகளே பெயர் சொல்லித் தேடி வருவார்கள். வேலையை நிரந்தரமாக்க ஆஸ்பத்திரிக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று பாக்கி: அந்தப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று ஒரு சான்று. முறையான இடத்தில் கேட்டதற்கு, மார்க் விவரம் கல்லூரியிலிருந்து நேராக எங்களுக்கு ஒட்டிய உறையில் வர வேண்டும், உங்கள் கையால் கொண்டுவந்தால் வாங்க மாட்டோம், மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியோ அவசரப்படுத்தியது. பாப்பா மாமா வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

மாமா மார்பை நிமிர்த்தினார். என் ஆபீஸிலேயே அது நடக்கிறது, நீ ஏன் ஊரெல்லாம் அலைகிறாய் என்றார். சொன்னபடி அந்த வாரமே காகிதம் வந்துவிட்டது. தங்க நிறத்தில் முத்திரை, கீழே ரெண்டு கையெழுத்து. அசலைக் காட்டு என்றுகூட யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, அவள் படித்ததைவிட ஒரு படி மேலான பட்டத்துக்குச் சமம் என்று வேறு போட்டிருந்தார்கள்.

பாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, நான் இவ்வளவு படிக்கலையே."

"அவங்க பெரிய ஆளுங்க. கணக்குப் பார்க்காம போடுவாங்களா?" என்றார் மாமா.

மாமா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம். மாமா காலை நீட்டிக்கொண்டு, பழைய கல்லூரியில் காது பிய்ந்துபோகும், இங்கே எவ்வளவு அமைதி என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அத்தை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மாக்காரிங்க யாரும் கூப்பிடறதில்லையா?"

மாமா, இல்லை, ஒரு அம்மாகூட இல்லை என்றார்.

"பிள்ளைங்க இருக்கிற இடத்துக்கு அம்மா போன் வராம இருக்குமா? அங்க பிள்ளைங்களே இல்லையோ என்னவோ," என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த துணியை எடுத்தாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். மாமா சிரித்தார். சிரித்த வாய் பாதியில் நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிட்டானா என்று கேட்க ஒரு அம்மா இல்லை. ஃபெயிலாகி அழ ஒரு பையன் இல்லை. வாத்தியார் மேல் புகார் இல்லை, பால்காரர் இல்லை, சாவி தொலைந்தது என்று விடுதியிலிருந்து ஒரு குரல் இல்லை. இத்தனை கல்லூரிக்குச் சேர்த்து ஒரு தப்பான நம்பர்கூட இல்லை. வந்த போனெல்லாம் ஒரே கேள்வி: இது நிஜப் பட்டமா? இவர் சொன்னதெல்லாம் ஒரே பதில். கல்யாண வீட்டில் கைகழுவுகிற தண்ணீர் கொட்டாத இடமே கிடையாது. இங்கே பந்தல் மட்டும் இருக்கிறது, சாப்பிட்ட சுவடே இல்லை. மாமா சென்ட் தம்பியிடம், விடுதி வார்டனுடைய நம்பரைக் கொடு, ஒரு மரியாதைக்குப் பேச வேண்டும் என்று கேட்டார். அவன் அவர் தோளைத் தட்டி, "உங்களுக்கு எதுக்கு சார் அந்தக் கவலையெல்லாம்" என்றான். கையை எடுத்த பிறகும் வாசனை மட்டும் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவன் கீழே போயிருந்த நேரத்தில் கடைசி போன் அடித்தது. தொடக்கூடாத போன். ஆனால் அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. எடுத்துவிட்டார்.

கூப்பிட்டது பாப்பாவின் ஆஸ்பத்திரி. ஆள் எடுக்கிற பிரிவின் அதிகாரி அம்மாள். எங்களிடம் ஒரு மதிப்பீட்டுச் சான்று வந்திருக்கிறது, அந்த மையத்துக்கு உங்கள் குழு அங்கீகாரம் கொடுத்திருப்பதாக அதிலேயே போட்டு உங்கள் நம்பரையும் அச்சடித்திருக்கிறார்கள், உண்மைதானா என்று கேட்டாள். பாப்பாவின் முழுப் பெயரையும் சொன்னாள்.

மாமா தலையைத் திருப்பினார். இந்தப் பக்கம் குழு, அந்தப் பக்கம் மையம். நடுவில் ஒரு தடுப்பு. அங்கீகாரம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே குண்டூசி டப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் பாப்பாவுக்கு வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் நிஜமாகப் படித்த பெண் மேல் திருட்டுப் பட்டம். நாளைக்கு வேறு யாராவது, வேறு ஏதாவது நம்பரில் விசாரித்தால் என்ன ஆகும் என்று நினைத்தார். பொய்மேல் கட்டிய வேலையில் அந்தப் பெண் தினம் தினம் பயந்துகொண்டே ஊசியைப் பிடிக்க வேண்டும்.

"அம்மா, நீங்க கேக்கிற குழு இங்க இல்ல," என்றார். "இங்க இருக்கிறது ஒரு மேசையும் ஒரு கிழவனும்தான்."

"நீங்க யாரு?"

"அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன்."

மாமா மிச்சத்தையும் சொன்னார். அவள் படித்தது நிஜம், இந்தக் காகிதம்தான் பொய், வாங்கச் சொன்னது நான். "இதுல அச்சடிச்சிருக்கிற எந்த நம்பருக்கும் கூப்பிடாதீங்க, எல்லாம் இந்த ஒரே மேசைக்குத்தான் வரும். அவ படிச்ச காலேஜோட நம்பரை நீங்களாவே தேடிப் புடிச்சுக் கேளுங்க."

அதிகாரி அம்மாள் கண்டிப்பானவள். நாளைக்குள் அந்தப் பெண் நேரில் வந்து காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது, இல்லாவிட்டால் பொய்ச் சான்று கொடுத்ததாக எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மாமா கண்ணாடிக் கூட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். சென்ட் தம்பி எதிரே ஏறி வந்தான். என்ன சார் என்றான். மாமா அவனைத் தாண்டி இறங்கிப் போனார்.

நேரே தங்கச்சி வீட்டுக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாப்பா கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தாள். மாமா ஏமாந்துபோனதை அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வலித்தது வேறு.

"எங்கிட்ட முதல்ல சொல்லிட்டு அப்புறம் அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. என் வேலைதானே. நான்தானே போய்ச் சொல்லணும்."

அதற்குள் தங்கச்சி வாய் திறந்தாள். "ஊருக்கெல்லாம் லைன் குடுத்த மகராசன், சொந்த மருமக கழுத்துல ஒயரைச் சுத்திட்டான்," என்று ஆரம்பித்தவள், சின்ன வயசில் அண்ணன் அவளுடைய பொம்மையின் காதைப் பிய்த்தது வரைக்கும் போய்விட்டு வந்தாள். மாமா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் பாப்பா தனியாகத்தான் உள்ளே போனாள். மாமாவும் அத்தையும் ஆஸ்பத்திரி நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நடந்ததைப் பிற்பாடு அத்தையிடம்தான் அவள் சொன்னாள். காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "என் படிப்பு இதுல போட்டிருக்கிறதைவிடக் கம்மிதான் மேடம். ஆனா அது என்னோடது" என்றாளாம். முறையான சான்று வருகிற வரைக்கும் லேபில் இருக்கலாம், ஆனால் ஊசியைத் தொடக்கூடாது, புட்டி கழுவி லேபிள் ஒட்டுகிற வேலை என்று முடிவாயிற்று.

எறும்புகூடக் கடிக்காத கை புட்டி கழுவப் போயிற்று. பாப்பா மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வருவாள், ஆனால் எல்லாம் அத்தை வழியாகத்தான் போகும். "உங்க வீட்டுக்காரரை அந்த ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்க" என்பாள். மாமா எழுந்து குறைப்பார். அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். "ஆயுசெல்லாம் நீங்க பார்த்த வேலையை இப்ப நான் பார்க்கிறேன்" என்று மாமாவைக் குத்துவாள்.

மாமா போலீசில் சொன்னார். அவர்கள் மாடி ஏறிப் போனபோது மேசை மட்டும்தான் இருந்தது. தூசியில் போன்கள் இருந்த இடம் வரிசையாகத் தெரிந்தது. மெத்தைக் கடைக்காரர், எனக்கே வாடகை தரவில்லை என்று போலீசைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். மாமாவால் முடியவில்லை. யார் யாருக்கு ஆமாம் சொன்னோம் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒருமுறை காதில் விழுந்த பெயர் அவரிடமிருந்து தப்பாது. வீட்டு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பள்ளிக்கூடம், பாலம் கட்டுகிற கம்பெனி, வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற விடுதி. "அன்னிக்கு உங்ககிட்ட ஆமான்னு சொன்னவன் நான்தான். அந்த ஆமா செல்லாது" என்பார். சிலர் பைத்தியம் என்று வைத்துவிட்டார்கள். சிலர் கண்டபடி திட்டினார்கள். அப்படித் திட்டு விழுந்துகொண்டிருந்த ஒருநாள் பாப்பா உள்ளே வந்தாள். அந்தப் பக்கக் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. அன்றைக்குச் சொன்னது பொய் என்றால் இன்றைக்குச் சொல்வதை எப்படி நம்புவது என்று ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார்.

"நம்பாதீங்க," என்றார் மாமா அதே வெல்லக் குரலில். "விசாரிங்க. பட்டம் கொடுத்த இடம் நிஜமா இருக்கான்னு வேற ஆள்கிட்ட விசாரிங்க."

பாப்பா அன்றைக்கும் பேசவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அத்தை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். சில விஷயங்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் கெட்டுவிடும்.

பாப்பா கல்லூரிக்கு எழுதிக் கேட்ட உறை கடல் கடந்து வந்து, முறையான சான்றும் வந்து சேர்ந்தபோது வெயில் காலம் போய் மழைக்காலமும் பாதி கழிந்திருந்தது. தங்க முத்திரை எதுவும் இல்லை, சாதாரண வெள்ளைத்தாள். அந்தப் பொய்க் காகிதம் சொன்னதைவிட ஒரு படி கீழே, அவள் படித்தது எதுவோ அதுவே அதில் இருந்தது. லேப் வேலைக்கு அது போதும். அதிகாரி அம்மாள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் அத்தை மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளாக அவருக்குத் தலைசுற்றல். சர்க்கரை பார்க்க வேண்டும் என்றாள். மாமா வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று இழுத்தார். அத்தை காதில் வாங்கவில்லை. லேப் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வெள்ளைக் கோட்டோடு பாப்பா வந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, மேலே ரப்பரைக் கட்டி, நரம்பை விரலால் தடவிப் பார்த்தாள். வயசான கை, நரம்பு ஒளிந்து விளையாடியது. மாமா தொண்டையைச் செருமினார். சொல்ல வேண்டியதை மாதக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"பாப்பா, நான் வந்து—"

"பேசினா கை ஆடும் மாமா," என்றாள் அவள். "சும்மா இருங்க. எனக்கு இது தெரியும்."

மாமா சும்மா இருந்தார். ஊசி எப்போது உள்ளே போனது என்றே தெரியவில்லை. புட்டியில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிவிட்டு, புட்டியில் அவர் பெயரை எழுதிக்கொண்டே, நாளைக்குச் சாயங்காலம் ரிசல்ட்டை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் அத்தைக்குத் தெரியாமல் இனிப்பைத் தொடாதீர்கள் என்றாள். அவரிடம் நேராகச் சொன்னாள்.